தாமஸ் குன் அறிவியலை வெறும் நம்பிக்கை என்றாரா?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் நடந்த ஒரு விவாதத்தில் உங்கள் மாமா, "அறிவியலும் ஒரு நம்பிக்கைதான். இன்றைக்கு ஒரு கூட்டம் ஒத்துக்கொண்டதை நாளைக்கு இன்னொரு கூட்டம் தூக்கிப் போடும். தாமஸ் குன் இதை எப்போதோ நிரூபித்துவிட்டார்" என்று சொல்லியிருக்கிறார். குன் யார், அவர் அப்படித்தான் சொன்னாரா, அப்படியானால் வானியலுக்கும் சோதிடத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அறிவியல் மாறிக்கொண்டே இருக்கிறதே, அப்புறம் அதை எதற்காக நம்புவது? குன் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியதும் ஏறக்குறைய இதே கேள்வியோடுதான்.

நான் கல்லூரியில் 31 வருஷம் இயற்பியல் நடத்தியவன். கடைசிப் பத்து வருஷம் அறிவியல் வரலாறு என்ற விருப்பப் பாடத்தையும் எடுத்தேன். குன்னை வரிவரியாகப் படித்தது அதற்காகத்தான். தத்துவத்தில் எனக்குப் பட்டம் கிடையாது, உயிரியலில் பயிற்சியும் கிடையாது. அதனால் உதாரணங்களை இயற்பியலிலிருந்தும் வேதியியலிலிருந்தும் மட்டும் எடுக்கிறேன். எது ஐயமில்லாதது, எதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை என்பதையும் போகிற வழியில் சொல்லிவிடுகிறேன்.

தாமஸ் சாமுவேல் குன் 1922 ஜூலை 18 அன்று அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தில் பிறந்தார். ஹார்வர்டில் இயற்பியல் படித்து 1943இல் பட்டம் வாங்கினார். அப்போது போர் நடந்துகொண்டிருந்தது. எதிரியின் ரேடாரைச் செயலிழக்க வைக்கும் ஆராய்ச்சியில் வேலை கிடைத்தது. போர் முடிந்ததும் ஹார்வர்டுக்கே திரும்பி, ஜான் வான் விளெக் என்ற இயற்பியலாளரிடம் ஆய்வு செய்து 1949இல் முனைவர் பட்டம் பெற்றார். வான் விளெக் பின்னாளில், 1977இல், நோபல் பரிசு பெற்றவர். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குன் அறிவியலுக்கு வெளியே நின்று கல்லெறிந்தவர் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் சமன்பாடுகளுக்குள்ளேயே வளர்ந்தவர். அந்தத் தொழிலின் பயிற்சி ஒருவரை என்ன செய்கிறது என்பதைத் தன் உடம்பிலேயே உணர்ந்தவர்.

அவரைத் திசை திருப்பியது 1947. ஹார்வர்டின் தலைவராக அப்போது இருந்த ஜேம்ஸ் கோனன்ட் ஒரு வேதியியலாளர். கலைப்பிரிவு மாணவர்களுக்கு அறிவியலை அதன் வரலாறு வழியாகச் சொல்லித்தர வேண்டும் என்று ஒரு பாடம் தொடங்கினார். ஆய்வு மாணவராக இருந்த குன்னை உதவிக்கு அழைத்து, இயக்கவியல் எப்படி உருவானது என்று ஒரு பாடம் தயாரிக்கச் சொன்னார். நியூட்டனுக்கு முந்தியவர்களைத் தேடிப் போன குன் அரிஸ்டாட்டிலின் 'இயற்பியல்' நூலுக்கு வந்து சேர்ந்தார். படிக்கப் படிக்க அவருக்குக் குழப்பம்தான் மிஞ்சியது. தர்க்கத்திலும் உயிரியலிலும் அவ்வளவு கூர்மையாக இருந்த மனிதர், இயக்கம் என்று வந்ததும் இத்தனை அபத்தமாக எழுதுவாரா? ஒருநாள் கையில் நான்கு வண்ணப் பென்சிலோடு மேசையில் உட்கார்ந்திருந்தபோது, நிமிர்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்த நேரத்தில், எல்லாம் சட்டென்று இடம் மாறி ஒழுங்காக அமர்ந்தது என்று எழுதியிருக்கிறார். அரிஸ்டாட்டில் இயக்கம் என்று சொன்னது, நாம் சொல்லும் இடப்பெயர்ச்சியை மட்டும் அல்ல. விதை மரமாவதும், நோயாளி தேறுவதும், கல் விழுவதும் அவருக்கு ஒரே வகை மாற்றங்கள். அந்தக் கண்ணால் பார்த்தால், மோசமான நியூட்டனாகத் தெரிந்தவர் நல்ல அரிஸ்டாட்டிலாகத் தெரிகிறார். இந்தச் சம்பவத்தைக் குன் விரிவாக எழுதியது பல பத்தாண்டுகள் கழித்து. நினைவு எப்போதும் நடந்ததைக் கொஞ்சம் செதுக்கித்தான் தரும். அதனால் எல்லாம் ஒரே நொடியில் நடந்தது என்பதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அன்று பிடித்த கேள்வியை அவர் சாகும்வரை விடவில்லை.

அப்புறம் வேலைகள். ஹார்வர்டில் 1956 வரை, பெர்க்லியில் 1964 வரை, பிரின்ஸ்டனில் 1979 வரை, பிறகு ஓய்வு பெறும்வரை எம்.ஐ.டி. இடையில் 1960களின் தொடக்கத்தில் குவான்டம் இயற்பியலை உருவாக்கியவர்களை நேரில் கண்டு பேட்டி எடுத்துப் பதிவுசெய்யும் பெரிய திட்டத்துக்குத் தலைமை தாங்கினார். 1962 நவம்பர் 17 அன்று கோபன்ஹேகனில் நீல்ஸ் போரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் போர் இறந்துபோனார். அந்தப் பதிவு இன்றும் இருக்கிறது. குன் எவ்வளவு பொறுமையான வரலாற்றாளர் என்று தெரிந்துகொள்ள அதைப் படித்தாலே போதும்.

உங்கள் மாமா சொல்வது அதே 1962இல் வெளிவந்த 'அறிவியல் புரட்சிகளின் கட்டமைப்பு' என்ற புத்தகத்தை. அளவில் சிறியது, பத்து லட்சம் பிரதிக்கு மேல் விற்றது. 'பாரடைம்' என்ற சொல்லை உலகமெங்கும் பரப்பியது அதுதான். இன்று வியாபாரக் கூட்டங்களில்கூட அந்தச் சொல் புழங்குகிறது. தமிழில் இதைச் சிந்தனைச் சட்டகம், கருத்தோட்டம், உலகப்பார்வை என்றெல்லாம் பெயர்க்கிறார்கள். இந்தப் பெயர்ப்புகளில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது. உலகப்பார்வை என்று சொல்லிவிட்டால், ஆளுக்கொரு கண்ணாடி, யார் கண்ணாடி சரி என்று யார் சொல்ல முடியும் என்ற இடத்துக்கு இரண்டே அடியில் போய்விடலாம். குன் அந்தச் சொல்லை எடுத்தது கிரேக்க, லத்தீன் இலக்கணப் பாடத்திலிருந்து. ஒரு வினைச்சொல்லை மாதிரிக்கு எடுத்து அது எப்படி விகாரப்படுகிறது என்று மனப்பாடம் செய்துகொண்டு, அதே போல மற்ற வினைகளையும் அமைப்பார்கள். அந்த மாதிரிக்குப் பெயர் பாரடைம். நம் இலக்கணத்தில் இதற்கு அச்சு அசலான சொல் உண்டு: வாய்பாடு.

பெருக்கல் வாய்ப்பாட்டைச் சொல்லவில்லை. 'செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்' என்று தமிழ் ஐயா சொல்லித்தருவாரே, அதை நினைத்துப் பாருங்கள். உண்டு, நடந்து, ஓடி, போய் இந்த நான்கும் அந்த ஒரே வாய்பாட்டில் அடங்கும். ஓசையில் 'ஓடி'க்கும் 'செய்து'க்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் பழகிய மாணவன் பார்த்தவுடன் சொல்லிவிடுவான். தேமா, புளிமாவும் அப்படித்தான். நேர் நேர் தேமா என்று விதி இருக்கிறது. ஆனால் அந்த விதியை ஒப்பித்த பையன் உடனே செய்யுளை அலகிட்டுவிட மாட்டான். பத்து வெண்பாவைப் பிரித்துப் பிரித்துப் பார்த்த பிறகுதான் கண் பழகும். குன் பாரடைம் என்று சொன்னதன் ஆதாரமான பொருள் இதுதான். 1969இல் எழுதி இரண்டாம் பதிப்பில் சேர்த்த பின்னுரையில் அவரே இதை அழுத்திச் சொல்கிறார். ஒரு துறையில் எல்லோரும் முன்னுதாரணமாக ஒத்துக்கொண்ட, தீர்த்து முடித்த ஒரு கணக்கு; அதைப் பார்த்துப் பார்த்து அடுத்த கணக்கைப் போடக் கற்றுக்கொள்கிறார்கள். (அந்தச் சொல்லை முதல் பதிப்பில் அவர் இஷ்டத்துக்குப் பயன்படுத்தினார் என்பதும் உண்மை. மார்கரெட் மாஸ்டர்மன் என்ற ஆய்வாளர் உட்கார்ந்து எண்ணி 21 பொருள் இருக்கிறது என்று காட்டினார். குன் அதை மறுக்கவில்லை.)

இயற்பியல் நடத்திய எவருக்கும் இது அன்றாட அனுபவம். "சார், பாடம் நன்றாகப் புரிகிறது, பின்னால் இருக்கும் கணக்குதான் வரமாட்டேன் என்கிறது" என்று வருஷா வருஷம் யாராவது வந்து நிற்பார்கள். நியூட்டனின் இரண்டாம் விதியை அவர்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் தானாக விழும் கல்லுக்கு ஒரு வடிவத்திலும், ஊசலுக்கு வேறொரு வடிவத்திலும் அதை எழுத வேண்டும். எங்கே எதை விசை என்று எடுப்பது, எதை முடுக்கம் என்று எடுப்பது என்று விதி சொல்லித்தராது; போட்டு முடித்த கணக்குதான் சொல்லித்தரும். குன் இதற்கு ஓர் அழகான சங்கிலியைக் காட்டுகிறார். சரிவில் உருண்டு இறங்கும் பந்து, எதிர்ச் சரிவில் அதே உயரத்துக்கு ஏறும் என்று கலிலியோ கண்டார். ஊசலின் வீச்சையும் அதே கண்ணால் பார்த்தார். கனமான ஊசலைப் பல புள்ளி ஊசல்களின் தொகுப்பாக எண்ணி ஹைகன்ஸ் அதன் கணக்கைத் தீர்த்தார். டேனியல் பெர்னூலி ஒருபடி மேலே போய், தொட்டியின் துளையிலிருந்து பீய்ச்சும் தண்ணீரையும் ஹைகன்ஸின் ஊசலாகவே பார்த்தார். பந்து, ஊசல், தண்ணீர் என்று மூன்றும் ஒரே வாய்பாட்டுக்குள் வந்துவிட்டன.

இப்படி வாய்பாட்டை வைத்துக்கொண்டு புதிர்களை அவிழ்த்துக்கொண்டே போவதைக் குன் 'இயல்பு அறிவியல்' என்றார். விஞ்ஞானிகள் நாள்தோறும் அடிப்படைகளைச் சந்தேகித்துக்கொண்டிருப்பதாக நாம் கற்பனை செய்கிறோம். அவர் அப்படியில்லை என்கிறார். ஆய்வகத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தனி ஊசல் செய்முறை. ஒரு மாணவிக்குப் புவியீர்ப்பு முடுக்கம் 980க்குப் பதில் 1086 என்று வந்தது. மூன்று முறை செய்தும் அதே விடை. கணக்கைச் சரிபார்த்தேன், பிழையில்லை. நூலின் நீளத்தை அளந்தேன், சரிதான். எதிரில் நின்று மறுபடி செய்யச் சொன்னேன். குண்டை விட்டதும் நிறுத்துகடிகாரத்தை அமுக்கிக்கொண்டே "ஒன்று" என்று எண்ணினாள். விட்ட நொடியில் பூஜ்யம் அல்லவா? அவள் 20 அலைவு என்று எண்ணியது உண்மையில் 19. நேரம் இருபதில் ஒரு பங்கு குறைந்தால், விடை பத்து சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும். இதில் கவனிக்க வேண்டியது, நியூட்டனின் விதி பொய்யோ என்ற எண்ணம் அவளுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை என்பது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழிதான் அங்கே சட்டம். குன்னும் இதே இடத்தில், கருவியைக் குறை சொல்லும் தச்சனைப் பற்றிய ஆங்கிலப் பழமொழியைத்தான் எடுத்துக்கொள்கிறார். இயல்பு அறிவியலில் சோதிக்கப்படுவது கோட்பாடு அல்ல, ஆள்.

கேட்க மூடநம்பிக்கை போல இருக்கிறதல்லவா? உங்கள் மாமா இந்த இடத்தில் நின்றுவிட்டார் என்று தோன்றுகிறது. ஆனால் இந்தப் பிடிவாதம் இல்லையென்றால் அறிவியல் நகராது. 1740களில் நிலவின் பாதையைக் கணக்கிட்டபோது, அதன் ஒரு நகர்வு நியூட்டன் விதிப்படி போட்ட கணக்கில், வானில் கண்டதில் பாதிதான் வந்தது. ஆய்லர், தலாம்பர், கிளேரோ என்று மூன்று பெரும் கணித மேதைகளும் அதே பாதியில் வந்து நின்றார்கள். ஈர்ப்பு விதியையே திருத்தலாம் என்று 1747இல் கிளேரோ முன்மொழிந்தார். இரண்டு வருஷம் கழித்து, சிறியவை என்று தான் கைவிட்ட உறுப்புகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது முழு விடையும் வந்துவிட்டது. விதி பிழைத்தது. நூறு வருஷம் கழித்து யுரேனஸ் தடம் பிசகியது. விதியை விட்டுக்கொடுக்காத லெ வெர்ரியே என்ற பிரெஞ்சு வானியலாளர், இன்னொரு கோள் இழுக்கிறது என்று கணக்குப் போட்டு இடத்தைச் சொன்னார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் நெப்டியூன் கண்ணில் பட்டது. அதே லெ வெர்ரியே 1859இல் புதன் கோளின் பாதையிலும் ஒரு பிசகு கண்டு, அங்கேயும் காணாத பொருள் ஒன்று சூரியனுக்கு அருகில் இருக்க வேண்டும் என்றார். அதற்கு வல்கன் என்று பெயர்கூட வைத்தார்கள். ஆண்டாண்டாகத் தேடினார்கள். வல்கன் என்று ஒன்று இல்லவே இல்லை. நூறாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) அளவேயான அந்தப் பிசகு 1915இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கோட்பாட்டில்தான் தீர்ந்தது. நிலவு, யுரேனஸ், புதன் மூன்றும் ஆரம்பத்தில் ஒரே மாதிரிதான் தெரிந்தன. எது வீட்டுக்கணக்கு, எது வீட்டையே இடித்துக் கட்டச் சொல்லும் கணக்கு என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. ஒரு முரண் கண்டதும் கோட்பாட்டைக் கைவிட வேண்டும் என்று யாராவது சொன்னால், இந்த வரலாற்றைத்தான் நான் காட்டுவேன்.

சரி, வீட்டை இடித்துக் கட்டும்போது என்ன நடக்கிறது? குன் அதிகம் திரும்பித் திரும்பிப் போகும் இடம் ஆக்சிஜன். 1774 ஆகஸ்ட் 1 அன்று இங்கிலாந்தில் ஜோசப் ப்ரீஸ்ட்லி ஒரு பெரிய குவிலென்ஸால் சூரிய ஒளியைக் குவித்து, சிவப்புப் பாதரசச் சாம்பலைச் சூடாக்கினார். வந்த வாயுவில் மெழுகுவத்தி பளீரென்று எரிந்தது. அடுத்த வருஷம் ஓர் எலியை அதில் அடைத்துப் பார்த்தார். சாதாரணக் காற்று அந்த அளவுக்கு இருந்தால் எலி கால் மணி நேரம் தாங்கும். இதில் அரை மணி நேரம் இருந்தது. வெளியே எடுத்து நெருப்பருகே வைத்ததும் பிழைத்துக்கொண்டது. எரிதல் என்றால் ஃப்ளோஜிஸ்டன் என்ற ஒன்று பொருளை விட்டு வெளியேறுவது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். ப்ரீஸ்ட்லி அந்த வாய்பாட்டில் வளர்ந்தவர். ஆகவே தன் வாயுவை 'ஃப்ளோஜிஸ்டன் நீங்கிய காற்று' என்றார். அதற்கு முன்பே, 1774 அக்டோபரில், பாரிஸில் ஒரு விருந்தில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேவிடம் இந்த வாயுவைப் பற்றிச் சொல்லியிருந்தார். லவாய்சியே அதே வாயுவைத் தனியொரு பொருளாகப் பார்த்தார். எரிதல் என்பது அதோடு சேர்வது என்றார். எரிந்த உலோகம் ஏன் எடை கூடுகிறது என்பது அப்போது விளங்கியது. ஸ்வீடனில் ஷீலே என்ற வேதியியலாளர் இருவருக்கும் முன்பே அதைப் பிரித்தெடுத்திருந்தார், ஆனால் அவர் புத்தகம் அச்சாக 1777 ஆகிவிட்டது. ஆக, ஆக்சிஜனைக் கண்டுபிடித்தது யார்? குடுவையில் பிடித்தவரா, பெயர் வைத்தவரா, புரிந்துகொண்டவரா? புரிந்துகொண்டவர் என்றால் லவாய்சியேவும் முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை. ஆக்சிஜன் என்ற சொல்லுக்கே அமிலத்தைப் பிறப்பிப்பது என்று பொருள். எல்லா அமிலத்திலும் அது இருக்கும் என்று நினைத்து அவர் வைத்த பெயர். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது கிடையாது. தவறான கருத்து பெயரிலேயே தங்கிவிட்டது.

இதில் எனக்கு மனதைப் பிசைவது ப்ரீஸ்ட்லிதான். அவர் மட்டமான விஞ்ஞானி அல்ல. 1804இல் பென்சில்வேனியாவில் இறக்கும்வரை ஃப்ளோஜிஸ்டனை விடவில்லை. அவர் பக்கமும் நியாயம் இருந்தது. உலோகங்கள் எல்லாம் ஏன் ஒன்றுபோல் பளபளக்கின்றன என்பதற்குப் பழைய கோட்பாட்டில் விடை இருந்தது: எல்லாவற்றிலும் ஃப்ளோஜிஸ்டன் இருக்கிறது. லவாய்சியேவின் கோட்பாட்டில் அந்தக் கேள்விக்கு விடை இல்லை. சரியான விடை வர இருபதாம் நூற்றாண்டு ஆயிற்று. புதிய வாய்பாடு வரும்போது கிடைப்பதோடு சிலவற்றை இழக்கவும் செய்கிறோம் என்பது குன்னின் கூர்மையான கவனிப்புகளில் ஒன்று.

இங்கேதான் அவர் மேல் அதிகமாகப் பழி சுமத்தப்பட்ட சொல் வருகிறது. இரண்டு வாய்பாடுகளுக்கும் 'பொது அளவு இல்லை' என்றார். இரண்டையும் ஒப்பிடவே முடியாது என்று அவர் சொன்னதாக வாசித்துவிட்டார்கள். அது வடிவியலில் பழகிய சொல். சதுரத்தின் பக்கத்துக்கும் மூலைவிட்டத்துக்கும் பொது அளவு கிடையாது. எவ்வளவு சின்ன அளவுகோலை எடுத்தாலும் இரண்டையும் மிச்சமில்லாமல் அளந்துவிட முடியாது. அதனால் எது நீளம் என்று தெரியாதா? மூலைவிட்டம்தான் நீளம் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லும்; வேண்டிய துல்லியத்துக்கு விகிதத்தையும் சொல்லலாம். ஒப்பிடலாம், ஆனால் ஒன்றின் சொற்களை மற்றொன்றின் சொற்களாக மிச்சமில்லாமல் பெயர்க்க முடியாது. குன் சொன்னது அவ்வளவுதான்.

அப்படியானால் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? 1973இல் ஆற்றிய ஓர் உரையில் ஐந்து அளவைகளைச் சொன்னார். அளவீடுகளோடு துல்லியமாகப் பொருந்த வேண்டும், தனக்குள்ளும் மற்ற கோட்பாடுகளோடும் முரண்படக் கூடாது, தொடங்கிய இடத்தைத் தாண்டியும் பயன்பட வேண்டும், எளிமை வேண்டும், புதிய கண்டுபிடிப்புகளுக்கு வழி திறக்க வேண்டும். இவற்றை எல்லா விஞ்ஞானிகளும் ஒத்துக்கொள்கிறார்கள். ஆனால் இவை ஒன்றோடொன்று மோதும்போது எதற்கு எவ்வளவு எடை என்று சொல்லும் சூத்திரம் இல்லை. 1543இல் சூரியனை மையமாக வைத்த கோப்பர்னிக்கஸின் புத்தகம் வந்தபோது, கோள்களின் இடத்தைச் சொல்வதில் அது, பூமியை மையமாக வைத்த பழைய வானியலாளர் தாலமியைவிடத் துல்லியமாக இல்லை. துல்லியம் கெப்ளரின் அட்டவணைகளோடு, 1627இல்தான் வந்தது. இடைப்பட்ட காலத்தில் கோப்பர்னிக்கஸ் பக்கம் போனவர்கள் வேறு காரணங்களுக்காகப் போனார்கள். கெப்ளருக்குச் சூரியன் மேல் இருந்த ஒருவகைப் பக்தியும் அதில் சேர்த்தி. உங்கள் மாமா சொல்வதில் உண்மை இருக்கிறதென்றால் அது இந்த அளவுக்குத்தான்: தேர்வு கணக்குப்போல் நடப்பதில்லை, மனிதர்கள் செய்வது. ஆனால் சூத்திரம் இல்லை என்பதாலேயே காரணம் இல்லை என்று ஆகாது. அனுபவமுள்ள வைத்தியர் இரண்டு மருந்தில் ஒன்றைத் தேர்வதும் சூத்திரத்தால் அல்ல, அதற்காக அதைக் குருட்டு நம்பிக்கை என்று யாரும் சொல்வதில்லை. அறிவியலில் எல்லாமே அதிகாரமும் சுயநலமும்தான், இயற்கைக்கு அதில் பங்கில்லை என்று தன் பெயரைச் சொல்லி ஒரு கூட்டம் கிளம்பியதைப் பார்த்து, 1991இல் ஹார்வர்டில் பேசும்போது, அந்த வாதம் அபத்தம் என்று குன் வெளிப்படையாகவே சொன்னார். ஒரு கருத்தரங்கில் "நான் குன்னியன் அல்ல" என்று உரக்கக் கத்தினார் என்று ஃப்ரீமன் டைசன் எழுதியிருக்கிறார். அது டைசன் சொன்ன கதை, அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 1991 உரை அச்சில் இருக்கிறது.

இனி சோதிடம். இதற்குக் குன் நேராகவே பதில் சொல்லியிருக்கிறார், அதனால் ஊகத்துக்கு இடமில்லை. 1965இல் லண்டனில் நடந்த ஒரு கருத்தரங்கில் அவரும் கார்ல் பாப்பர் என்ற அறிவியல் தத்துவவாதியும் எதிரெதிராக நின்றார்கள். எந்தச் சோதனையாலும் பொய்யாக்க முடியாதபடி பேசுவதால் சோதிடம் அறிவியல் அல்ல என்பது பாப்பரின் பக்கம். குன் அதை ஏற்கவில்லை. சோதிடர்கள் திட்டவட்டமாகப் பலன் சொல்லி, அது பொய்த்துப்போன பதிவுகள் வரலாற்றில் நிறைய இருக்கின்றன என்றார். பொய்த்ததற்குக் காரணமும் சொன்னார்கள்: பிறந்த நேரம் சிறிது பிசகியிருக்கும் என்று. (நம் வீடுகளில் கேட்கும் அதே காரணம்.) அந்தக் காலத்து வைத்தியர்களும் இதே மாதிரிக் காரணங்களைத்தான் சொன்னார்கள், அது ஒன்றும் மோசடி இல்லை என்றும் குன் சொல்கிறார். வித்தியாசம் அடுத்த நாள் காலையில் என்ன வேலை இருக்கிறது என்பதில். தாலமி வழி வந்த வானியலாளருக்குக் கோள் சொன்ன இடத்தில் இல்லையென்றால் கை நிறைய வேலை: மறுபடி அளக்கலாம், ஒரு வட்டத்தைக் கூட்டலாம், மையத்தை நகர்த்தலாம், அதுவும் பொய்த்தால் அந்தப் பிழையே அடுத்த புதிராகும். சோதிடருக்குப் பொய்த்த பலன் அப்படியொரு புதிரைத் தரவில்லை. பிசகு எங்கே என்று தேடித் திருத்த வழியில்லை. திருத்தினாலும் அடுத்தவர் அதன் மேல் கட்ட வழியில்லை. விதிகள் இருந்தன, அவிழ்க்கப் புதிர்கள் இல்லை. அதனால் அது அறிவியல் ஆகவில்லை என்பது குன்னின் முடிவு. குன்னைத் துணைக்கு அழைத்து இரண்டையும் ஒரே தராசில் வைப்பவர்கள், அந்தக் கருத்தரங்குக்காகக் குன் எழுதிய கட்டுரையைப் படித்திருக்க மாட்டார்கள்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி குன்னைப் படித்தவர்கள் ஒத்துக்கொள்வது. இனி சொல்வதில் சண்டை உண்டு. அறிவியல் உண்மையை நெருங்கிக்கொண்டே போகிறதா? இதற்குக் குன்னின் பதில், அப்படிச் சொல்வதற்குப் பொருளில்லை என்பது. முன்னேற்றம் உண்டு, பின்வந்த கோட்பாடு முன்னதைவிட நன்றாகப் புதிர்களை அவிழ்க்கிறது, இதில் தனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு என்று 1969 பின்னுரையில் எழுதினார். ஆனால் டார்வின் காட்டிய பரிணாமம் எப்படி எந்த இலக்கை நோக்கியும் போகாமல், இருந்த இடத்திலிருந்து விலகி விலகிப் போகிறதோ அப்படித்தான் இதுவும் என்றார். இதை ஏற்காத பெரிய இயற்பியலாளர்கள் உண்டு. ஸ்டீவன் வைன்பர்க் கடுமையாக எழுதினார்: நியூட்டனின் இயக்கவியல் எங்கும் போய்விடவில்லை, எந்த எல்லைக்குள் அது செல்லும், ஏன் செல்லும் என்பதை இன்று நியூட்டனைவிட நன்றாக அறிவோம், இயற்பியலாளர்கள் நியூட்டனுக்கும் ஐன்ஸ்டைனுக்கும் இடையே சிரமமில்லாமல் போய் வருகிறார்கள் என்று. இந்த இடத்தில் என் மனம் வைன்பர்க் பக்கம்தான் சாய்கிறது. காலை வகுப்பில் நியூட்டனையும் மதியம் ஐன்ஸ்டைனையும் வருஷக்கணக்காக நடத்தியவன் நான். நிறை என்ற சொல்லின் பொருள் இரண்டிலும் ஒன்றல்ல என்று குன் சொல்வது சரி. மாணவர்கள் முதல் இரண்டு வாரம் தடுமாறுவதும் அதனால்தான். ஆனால் மூன்றாம் வாரம் கடந்துவிடுகிறார்கள், வேகம் குறைந்தால் புதிய சமன்பாடு பழையதாகச் சுருங்குவதைக் கரும்பலகையில் தாங்களே போட்டுக் காட்டுகிறார்கள். அரிஸ்டாட்டிலிலிருந்து நியூட்டனுக்குத் தாவியதைப் போலத்தான் நியூட்டனிலிருந்து ஐன்ஸ்டைனுக்குத் தாவியதும் என்று குன் எழுதியது அதிகப்படி என்று நினைக்கிறேன். முதலாவது தாவல், இரண்டாவது விரிவு. தத்துவப் பயிற்சி உள்ளவர்கள் இதை என்னைவிட நன்றாக வாதாடுவார்கள், அவர்களில் பலர் குன் பக்கமும் இருக்கிறார்கள்.

குன் தன் பெயருக்குக் கிடைத்த புகழில் உட்கார்ந்துவிடவில்லை. 1978இல் கரும்பொருள் கதிர்வீச்சைப் பற்றி, அதாவது சூடேறிய கரிய பொருள் வெளிவிடும் கதிர்வீச்சைப் பற்றி, ஒரு கனமான வரலாற்று நூல் எழுதினார். குவான்டத்தை 1900இல் பிளாங்க் கொண்டுவந்தார் என்று எல்லாப் பாடநூலும் சொல்கிறது. பிளாங்க் அப்போது அப்படி நினைக்கவேயில்லை, ஆற்றல் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது என்பதை உணர்ந்து சொன்னவர்கள் ஐன்ஸ்டைனும் எரென்ஃபெஸ்டும் என்பது அவர் வாதம். வரலாற்றாளர்கள் இன்றும் இதில் ஒத்துப்போகவில்லை. அந்தப் புத்தகத்தில் பாரடைம் என்ற பேச்சையே எடுக்கவில்லை என்று அவருடைய வாசகர்கள் பலருக்கு ஏமாற்றம். ஓய்வுக்குப் பிறகு பொது அளவின்மையைப் பற்றி ஒரு பெரிய நூலை எழுதிக்கொண்டிருந்தார். அது முடியுமுன், 1996 ஜூன் 17 அன்று, நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். முடியாத அந்தப் பிரதி 2022இல்தான் அச்சேறியது.

உங்கள் மாமாவோடு மறுபடி உட்கார்ந்து பேசுவதற்கு முன் நீங்களே குன்னைப் படிக்க விரும்பினால், புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். 1969 பின்னுரையை முதலில் படியுங்கள், அடுத்து 1973 உரை, அதற்கு அடுத்து சோதிடத்தைப் பற்றிச் சொன்னேனே அந்த 1965 கட்டுரை. மூன்றும் சேர்ந்து நூறு பக்கம்கூட வராது. பிறகு மூல நூலுக்குப் போனால், பாரடைம் என்று வரும் இடத்திலெல்லாம் வாய்பாடு என்று போட்டுப் படித்துப் பாருங்கள். எங்கே அந்தச் சொல் இயல்பாகப் பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு போங்கள். இடிக்கும் இடங்களில் ஏதாவது புரியவில்லையென்றால் பக்க எண்ணோடு கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.